கொம்பனா, பிடியா?

காளியாத்தாள் தேக்கடி போய் வந்து ஆறு மாதம் ஆகியும் அந்த யானை வீட்டை விட்டுப் போன பாடில்லை. கேரள எல்லையை ஒட்டிய கோபாலபுரத்தில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் சேர்ந்திருந்த வீட்டின் முன்னறையில், சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அங்கே எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். அவள் ஒரு பக்கம், புருஷன் அர்த்தநாரி ஒரு பக்கம் விறைத்து நிற்க, நடுவில் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு தந்தம் நீண்ட ஒரு கொம்பன். அதன் இடது காதில் வெள்ளையாக ஒரு தழும்பு. வேட்டைக்காரன் சுட்ட காதாம். அதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள்.

"போட்டுல போயி எறங்குனமுங்க. இந்தா, இந்தத் தொட்டி தூரத்துல வந்து நின்னுச்சுங்க" என்று பால் வாங்க வருகிறவர்களிடம்கூட அளப்பாள். மூத்த ஓரகத்தி சுப்பாத்தாளுக்கு வயிறு பற்றி எரியும். பதினாறு வருஷமாக இந்த வீட்டில் மாடாய் உழைக்கிறவள் அவள். மூன்று வருஷத்துக்கு முன் வந்தவள் யானை பார்த்துவிட்டாள். இவள் பார்த்தது சித்தூரும் பொள்ளாச்சிச் சந்தையும்தான்.

புருஷன் சென்னியப்பனிடம் சொன்னால் ஒரே பேச்சு. "அதெல்லாம் ஆள ஏமாத்தற எடம் புள்ள. ஊரே போயி வாயப் பொளந்துட்டு நிக்கற பக்கம் நமக்கென்ன சோலி?"

அவருடைய சிநேகிதர் பெரியமுத்து உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டக் கங்காணி. அவர் மகள் சடங்குக்குப் போனபோது சென்னியப்பன் சுப்பாத்தாளையும் கூட்டிப்போனார். பனி இறங்கும் மலை, வெளியூரான் காலடி படாத ஓடை எல்லாம் காட்டி, "இதுதா பாக்கோணும்" என்றார். சுப்பாத்தாளும் பார்த்தாள். ஆனால் ஓடையைக் கொண்டுபோய் முன்னறையில் மாட்ட முடியாதே.

"இங்க ஆனை வருமுங்களா?" என்று பெரியமுத்துவிடம் கேட்டாள்.

"வராமயா? வந்து வீட்ட இடிச்சுட்டுல்ல போகும்! தேக்கடியெல்லாம் வேடிக்க பாக்க வாறவுகளுக்குத் தாயி."

"நானும் வேடிக்க பாக்க வந்தவதானுங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மறுநாள் காலையில் இருவரும் தேக்கடிக்குப் போக குமுளி பஸ்ஸில் இருந்தார்கள்.

படகு இரண்டு மணி நேரம் போயிற்று. தண்ணீருக்குள் மொட்டை மரங்கள் நின்றன, மரத்துக்கு ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருந்தது. யானையின் வால்கூடக் கண்ணில் படவில்லை. சென்னியப்பனின் மீசை மட்டும் சிரித்தது. யானைக்குக்கூட ஆள் பார்க்கத் தெரிகிறது, அவளுக்கென்றால் வருகிறது, எனக்கென்றால் வரவில்லை என்று சுப்பாத்தாள் பொருமினாள்.

கரையேறினால் டீக்கடைக்கு அடுத்து ஒரு போட்டோ கடை. எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரை அடைத்துத் தொங்கிய திரைச்சீலையில், தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது காளியாத்தாளின் கொம்பன். இடது காதில் துணி கிழிந்து வெள்ளையாக ஒட்டுப் போட்டிருந்தார்கள்.

"அடி கள்ளி!" சுப்பாத்தாளுக்கு வயிற்றில் பால் வார்த்தது. "ஏனுங்க, நாமளும் இங்கயே ஒரு போட்டோ எடுக்கோணும். அவ படத்துப் பக்கத்துலயே வெக்கோணும். எல்லாரும் பாத்துச் சிரிக்கட்டும்."

போட்டோக்காரர் மலையாளி. அவரிடம் இரண்டு திரை இருந்தது. ஒன்றில் கொம்பன், மற்றதில் பெண் யானை. எதைப் போடுவது என்று தெரியாமல், "கொம்பனோ, பிடியோ?" என்று கேட்டார். ரேஷன் கடையில் பேசுகிற அளவுக்கு மேல் மலையாளம் தெரியாத சுப்பாத்தாளுக்குக் காதில் விழுந்தது 'பிடி' மட்டும்தான். படம் எடுக்கிறவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் புருஷன் கையைப் பிடித்தாள். மணவறையில் கைகோத்து விட்டதற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

போட்டோக்காரர் சிரித்துவிட்டார். "பிடின்னா பொட்டையானை புள்ள" என்றார் சென்னியப்பன் மெல்ல. அவள் வெட்கிப்போய்க் கையை இழுத்தாள். அவர் விடவில்லை.

"கொம்பனே இருக்கட்டும். எடுங்க."

பத்து நாளில் படம் தபாலில் வந்தது. சுப்பாத்தாள் வீட்டார் அத்தனை பேரையும் முன்னறைக்குக் கூப்பிட்டு, இரண்டு படத்தையும் ஒட்டி வைத்தாள். "அந்தக் காதப் பாருங்க! ரெண்டும் ஒரே ஆனை, துணி ஆனை!" அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டான். எல்லாரும் சிரிப்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். யாரும் காதைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் கோத்திருந்த கையில்தான் இருந்தது.

காளியாத்தாள் அந்தக் கையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் படத்தைப் பார்த்தாள். அதில் அவளுக்கும் அர்த்தநாரிக்கும் நடுவில் ஒரு யானை இடம் இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் சுப்பாத்தாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது காளியாத்தாள் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த முகத்தை சுப்பாத்தாளுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதமாகத் தன் கண்ணாடியில் பார்த்ததுதான்.

"ஏனுங்கக்கா, எங்கள அந்தப் போட்டோக்காரன் கையப் புடிக்கச் சொல்லவேயில்லீங்களே?"

எங்களையும் சொல்லவில்லை கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுப்பாத்தாள் சொல்லவில்லை.

"எல்லார்த்தையுமா சொல்லுவாங்க?" என்று கேட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.