ஹெப்வொர்த் வீட்டு வாளியின் பசி

மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, கிரெய்க் ஹெப்வொர்த் வீட்டு வாளியில் நொதித்துக்கொண்டிருந்த ஏல் என்ற பீர், பக்கத்து வீட்டு ட்ரெவர் ஹெய்கின் சர்க்கரை நோயைத் தின்று முடித்தது. பத்தொன்பது வருட நோய். காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் வழக்கமாகப் பதினான்கு காட்டும் கருவி அன்று ஐந்து காட்டியது, நோயில்லாதவர்களின் கணக்கு. ட்ரெவர் நேராகக் கடைக்குப் போய், ஒரு பவுண்டு எண்பதுக்கு ஜாம் வைத்த டோனட் நான்கு வாங்கி, தெருவில் நின்றபடியே நான்கையும் தின்றுவிட்டு, ஒன்றில்கூட இனிப்பு இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். எங்கள் ஊர் ஆல்டர்ஷாவில் அந்த வாரம் முட்டை விலையும் ஏறியிருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிரெய்க்குக்குச் சாக்கடைக் குழாய்களுக்குள் கேமரா விட்டு அடைப்பு பார்க்கும் வேலை. மனைவி லியான் ஏழு மாதக் கர்ப்பிணி. வீட்டில் ஏல் காய்ச்சுகிறவர்கள் மாதமொருமுறை தேவாலயக் கூடத்தில் கூடி, ஒருவர் காய்ச்சியதை இன்னொருவர் குடித்து, மதிப்பெண் தாளில் குறை எழுதுவார்கள். இரண்டு வருடமாகக் கிரெய்க்கின் தாளில் ஒரே வரிதான்: ‘விழுங்கிய பின்னும் நாக்கில் இனிப்பு நிற்கிறது.’ கல்யாண நாளை மறந்த கிரெய்க், இந்த வரியை மறக்கவில்லை. லேசாக, வறட்சியாக, ஹாப்ஸ் பூவின் மணம் மட்டும் எலுமிச்சைத் தோல் போல மூக்கில் ஏறும் ஒரு ஏல் செய்யவேண்டும் என்று உட்கார்ந்தார். ஈஸ்ட்டுக்குத் தீனியான மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, இருபத்துமூன்று லிட்டருக்கு மூன்றரைக் கிலோ போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாக்கினார், பிறகு இரண்டரை, பிறகு இரண்டேகால். ஹாப்ஸில் முக்கால் பங்கை அடுப்பை அணைத்த பிறகே போட்டார், கசப்பைவிட மணம் கூடட்டும் என்று. ஒவ்வொரு முறையும் வாளியின் அடியில் தங்கிய ஈஸ்ட்டை ஜாம் பாட்டிலில் வழித்து, குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்து, அடுத்த முறைக்கு அதையே போட்டார். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான். ஈஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது மழைக்குக் காசு கொடுப்பது போல. ஆனால் வேறு யாரும் ஒரே ஈஸ்ட்டை எட்டுத் தலைமுறைக்கும் பாதி வயிற்றோடு வளர்த்ததில்லை.

எட்டாவது வாளி, மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள், துவைத்த துணிகளுக்கு நடுவே கதகதப்பாக இருந்தது. ஈஸ்ட் இனிப்பைத் தின்னத் தின்ன எண் இறங்கும்; அடர்த்தி பார்க்கும் மிதவையை விட்டால் முதல் நாள் ஆயிரத்து முப்பது. ஐந்தாம் நாள் ஆயிரத்து ஆறு. அங்கே நிற்கவேண்டும், அதுதான் கணக்கு. நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் ஆயிரம், அதாவது வெறும் தண்ணீர். அதன்பிறகு தண்ணீருக்கும் கீழே. தின்ன ஒன்றுமில்லாத வாளியின் மூடியில் செருகியிருந்த நீர்க்குழாய் மட்டும் ப்ளுப், ப்ளுப் என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சமையலறையில் சர்க்கரை மணலாகியிருந்தது. தேன் கோந்தாகியிருந்தது. அடுத்து ட்ரெவர்.

“உன் வாளிக்கு மெடல் குத்தணும் தம்பி, ஊசியத் தூக்கிக் கடாசிட்டேன்,” என்றார் ட்ரெவர், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து.

“ரொம்ப ஆடாதீங்க,” என்றாள் லியான். “நாளைக்கு உங்களையே மென்னுரும்.”

சனிக்கிழமை காலை ட்ரெவர் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே விழுந்து கிடந்தார். கருவியில் இரண்டு புள்ளி ஆறு; நான்குக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. ஆஸ்பத்திரி இருபது மைல் தள்ளி. அங்கே நரம்பில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். ஏற்றத் தொடங்கிய நிமிடம் இங்கே அலமாரிக்குள் குமிழிகள் இரட்டித்தன. கிரெய்க் கைபேசியில் ட்ரெவரின் மகளிடம், “இப்ப சொட்டுதா?” என்று கேட்பார்; அவள் “சொட்டுது” என்பாள்; ப்ளுப். கைபேசியை வைத்துவிட்டு, ட்ரெவர் வீட்டிலிருந்து சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துவந்தார். அன்று மாலை லியானின் விரலைக் குத்தினார்கள். மூன்று புள்ளி எட்டு. அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினார். அங்கே மூன்று புள்ளி நான்கு. திரும்பி வந்துவிட்டாள்.

கொட்டிவிடலாம் என்று யாரும் சொல்லலாம். கிரெய்க்கால் சொல்ல முடியவில்லை. தன் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறது என்பது அவருக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அது தொடக்கப்பள்ளிக்கு அடியில் போகிறது. ஒரு லிட்டரை மொண்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்தார். ஆறியதும் அது பாத்திரத்திலேயே குமிழிவிட்டது. மறுபடி வாளியில் ஊற்றினார், மன்னிப்புக் கேட்பவர் போல.

ஏல் காய்ச்சுகிறவர்களின் சங்கத் தலைவர் கீத் ஓல்ட்ராய்டைக் கூப்பிட்டார். கீத் வந்து மூடியை விலக்கி, ஒரு மடக்கு குடித்து, கண்ணை மூடினார். “யப்பா. இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு நான் குடிச்சதில்ல.”

“கீத், என் பொண்டாட்டி செத்துருவா.”

“அடங்கணும்னா ஹாப்ஸ அள்ளிப் போடு. அதுதான் எதையும் கெடாம நிறுத்தும்,” என்றவர், சங்கத்தின் போட்டிக்கு என்று ஒரு பாட்டில் நிரப்பி எடுத்துக்கொண்டு போனார்.

கிரெய்க் இருநூறு கிராம் பச்சை ஹாப்ஸைக் கொட்டினார். பயத்தில் ஒன்றை மறந்துவிட்டார். ஆறிய ஏலில் போடும் ஹாப்ஸ், ஈஸ்ட்டால் கடிக்க முடியாமல் விட்டுவைத்த மிச்சத்தையும் நறுக்கிக் கொடுத்து அதை மறுபடி எழுப்பிவிடும். இதைச் சங்கத்தில் போன வருடம் அவரே படம்போட்டு விளக்கியிருக்கிறார். எழுந்தது. மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தது. கீழே தேநீர்க் கோப்பை உடையும் சத்தம் கேட்டது.

லியான் தரையில் சுவரோடு சாய்ந்திருந்தாள். இரண்டு புள்ளி ஒன்று. உதடு வெளுத்திருந்தது. வயிற்றில் கையை வைத்திருந்தாள்.

“காலைல இருந்து உதைக்கல.”

“ஆம்புலன்ஸ் வருது. பேசாத.”

“எட்டு வாட்டி பட்டினி போட்டு வளத்திருக்க, கிரெய்க். சோறு போடாம விட்டா அது எங்கள மேயாம என்ன செய்யும்? போய்ப் போடு.”

கிரெய்க் நான்கு கிலோ மால்ட் மாவையும் கருவெல்லம் இரண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனார். மூடியைத் திறந்தார். எலுமிச்சையும் மாம்பழமும் பைன் மரமுமாக ஒரு மணம் எழுந்தது, அவர் எட்டு வாளிகளாகத் தேடிய மணம். இவ்வளவு இனிப்பைக் கொட்டினால் இது கஷாயம். அவர் தயங்கினார். பதினொரு குமிழிகள் வரை தயங்கினார். அதை அவரே எண்ணியிருக்கிறார், பிற்பாடு லியானிடமும் சொல்லியிருக்கிறார். பிறகு கொட்டினார்.

வாளி மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு, சாப்பிட உட்கார்ந்தவனைப் போல நிதானமாக, நிமிடத்துக்கு ஒன்று என்று விட ஆரம்பித்தது. லியானின் விரல் மூன்று புள்ளி இரண்டு காட்டியது, பிறகு நான்கு. ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கும்போது பிள்ளை உதைத்தது. இருபது மைல் தள்ளி ட்ரெவர் கண்ணைத் திறந்து, தன் பழைய நோயைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போட்டியில் கீத் கொண்டுபோன பாட்டிலுக்கு முதல் பரிசு. தாளில் ‘இனிப்பு அறவே இல்லை’ என்று எழுதியிருந்தது. லியான் அதை வாளியிருக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். கிரெய்க் தினமும் இரண்டு தடவை அதன் முகத்தில் விழிக்கிறார். வாளிக்கு இப்போது வாரம் நான்கு கிலோ மால்ட். கிரெய்க்கின் செய்முறைத் தாளில் கடைசி வரி ‘நிறுத்தக் கூடாது’ என்பதுதான். அவர்கள் வெளியூர் போனால் ட்ரெவர் வந்து போடுவார், இடையிடையே கதவுக்கு வெளியிலிருந்து நலம் விசாரிப்பார். அந்தத் தெருவில் கேக் வெட்டுகிறவர்கள் முதல் துண்டை ஹெப்வொர்த் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். யாரும் சொல்லி ஆரம்பித்த பழக்கமில்லை.

மே மாதம் பெண் பிறந்தாள், மூன்று கிலோ நூறு. பெயர் எடித். நவம்பரில் முதல்முறையாக ஆப்பிள் கூழ் ஊட்டினார்கள். முதல் கரண்டி மாடிக்குப் போனது. வாளி ப்ளுப் என்றது. கீழே, யாரும் சொல்லாமலே, எடித் வாயைத் திறந்தாள்.