பக்கத்து ரவுட்டர் விழுந்து எழுந்த கதை

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவளுக்குப் 'பச்சை' என்று பட்டப்பெயர். யார் குறை சொன்னாலும் சுவரிலிருக்கும் கண்காணிப்புத் திரையைக் காட்டி, "எல்லாம் பச்சையாத்தானே இருக்கு" என்பாள். அந்தத் திரையை அமைத்தவளும் அவள்தான். அதைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

விடாமல் குறை சொன்னவர் கீழ்த்தளத்தில் அழைப்பு எடுக்கும் அக்கா. ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துவிடுகிறதாம். மற்றவர்களுக்கும் அறுந்ததுதான். எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா ஒவ்வொன்றையும் சொன்னார். பழி மொத்தமும் அவர் தலையில் விழுந்தது. அவரே அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானைத் தட்டிவிடுகிறார் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். இன்று மதியம் விசாரணை. அதோடு அக்காவின் வேலை போய்விடும் என்று கட்டடத்துக்கே தெரியும்.

காலையில் பச்சை வேறு ஏதோ வேலையாக, அழைப்புகளை வெளியே இணைக்கும் ரவுட்டர் பெட்டிக்குள் மடிக்கணினி வழியாக நுழைந்தாள். மையத்து ரவுட்டரும் தொலைபேசி நிறுவனத்தின் பக்கத்து ரவுட்டரும் சில நொடிக்கொரு தரம் 'இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். சத்தம் வராவிட்டால் உறவு முறிந்து, அதன் வழியே போகும் அழைப்புகளும் அறுந்துவிடும். பிறகு இரண்டும் புதிதாக ஒட்டிக்கொள்ளும். பெட்டி ஒரு வருடமாக நிற்காமல் ஓடுகிறது. பக்கத்து ரவுட்டருடனான உறவுக்கோ வயது சில நிமிடம்தான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய திரை கால்மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து 'இருக்கிறாயா' என்று மட்டும் கேட்கும். எவ்வளவு நேரமாக இருக்கிறாய் என்று கேட்க அவள் அதற்குச் சொல்லித் தரவே இல்லை. நடுவில் விழுந்ததும் எழுந்ததும் அதன் கண்ணில் எப்படிப் படும்?

மடிக்கணினியோடு கீழே ஓடி அக்காவின் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மடிக்கணினியில் உறவு முறிந்தது தெரிந்தது. அதே நொடியில் அக்கா, "அம்மா, கேக்குதா? அம்மா?" என்றார். இரண்டு கையும் மடியில் கோத்திருந்தன. அழைத்தவரைத் திரும்பக் கூப்பிட்டு, முகவரி வாங்கி, வண்டியை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கையை ஏன்க்கா மடியில வச்சிருக்கீங்க?"

"பேசி முடிச்சப்புறம்தான் கீபோர்டுல தட்டுவேன். அதுவரைக்கும் முகவரியை மனசுல வச்சுக்குவேன். எல்லாரும் சொல்றாங்களே, என்னை அறியாம என் கைதான் எதையோ தொட்டுடுதோ என்னமோ."

அழுதால் அக்காதான் தேற்ற வேண்டியிருக்கும் என்று பச்சை அழுகையை அடக்கிக்கொண்டாள்.

"உங்க கை இல்லக்கா. லைன் விழுந்து விழுந்து எழுந்திருக்கு. என் திரைக்கு அது தெரியல. நானும் பார்க்கல."

அங்கேயே மேலாளருக்குப் போன் போட்டாள். "மதியம் விசாரணைக்கு நானும் வர்றேன் சார். கேக்க வேண்டியதை என்னைக் கேளுங்க." பிறகு தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட்டாள். ஆள் வர நேரமாகும் என்றார்கள்.

அக்கா திட்டுவார் என்று காத்திருந்தாள். அடுத்த அழைப்பு மணி அடித்தது. அக்கா பக்கத்து நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார்.

"உக்காரு. அறுந்தா உடனே சொல்லு, திரும்பக் கூப்பிடணும். அந்தப் பக்கம் இருக்கிறவங்க நான் போனை வச்சுட்டேன்னு நினைச்சுக்குவாங்க."