புறங்கையில் தேய்த்துப் பார்த்தது

வேலை முடிந்ததும் பெயிண்டர் கை கழுவுவது தண்ணீரில் அல்ல, டர்பன்டைனில். கந்தலை அதில் நனைத்து முழங்கைவரை தேய்ப்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். விரலிடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை உப்புத்தாளாய்ச் சொரசொரத்துப் போயிருந்தது. உழைக்கிறவன் கை பின்னே எப்படி இருக்கும் என்பார்.

அன்று சாயங்காலம் தங்கச்சி அந்த டர்பன்டைன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்கடைக் கிடங்கில் ஆறு வருஷம் மூட்டை பிரித்தவளைத் திங்கட்கிழமையிலிருந்து முன் கவுண்டரில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். கூடவே மேனேஜர், "கன்னத்துல அந்த மங்கு இருக்கே, அதுக்கு ஏதாவது பண்ணிட்டு வாம்மா" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது அவளுக்கு முள்ளாய்த் தைத்திருந்தது.

"அண்ணா, இது மரத்துலேர்ந்து எடுக்கற எண்ணெய்தானே? தேங்காயெண்ணெயில கலந்து பூசினா மங்கு உரிஞ்சு போயிடும்னு போன்ல ஒருத்தி சொல்றா."

"ஏன், கதவு மாதிரி பளபளக்கணுமா உனக்கு?"

"வெளையாடாதண்ணா. முதல்ல கையில தடவிப் பாக்கணுமாம்."

"கொண்டா, நானே பாக்குறேன்."

அவள் கலந்ததை வாங்கித் தன் புறங்கையில் தேய்த்துக்கொண்டார். டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். எரியவில்லை, அரிக்கவில்லை.

"ஒண்ணுமில்ல, தைரியமா போடு. இது பொல்லாததா இருந்தா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

பூசிய கொஞ்ச நேரத்தில், "சுருசுருங்குதுண்ணா" என்றாள்.

"வேலை செய்யுது. பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டாள். அண்ணன் சொன்னதற்காக, எழுந்து குழாயடிக்கு ஓடும்வரை பொறுத்துக்கொண்டாள்.

விடிந்தபோது இரண்டு கன்னமும் வீங்கிக் கொப்புளம் கட்டியிருந்தன.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "யாரு இதப் போடச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா. என் கையில போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

"கைய நீட்டுங்க. கண்ண மூடிக்கங்க. ஊசி குத்துறப்ப சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நேரமாயிற்று.

"குத்துங்கம்மா, பயமெல்லாம் இல்ல."

"குத்தியாச்சு."

கண்ணைத் திறந்தார். புறங்கையில் மூன்று சிவப்புப் புள்ளிகள்.

"இந்தத் தோல் செத்துப் பல வருஷமாச்சு. இத நம்பியா முகத்துல போடச் சொன்னீங்க? மரத்துலேர்ந்து வந்தா என்ன, பெயிண்டையே கரைக்கறது தோல மட்டும் விட்டுவைக்குமா?"

"மங்கு போயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் தங்கச்சி.

"புண் ஆறட்டும்மா. ஆறின இடம் இன்னும் கறுக்கலாம்."

திங்கட்கிழமை கவுண்டரில் வேறொருத்தி நின்றாள். மேனேஜர் இவளை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் கிடங்குப் பக்கம் கையைக் காட்டினார்.

வீட்டில் அவள் கண்ணாடி பார்ப்பதை விட்டிருந்தாள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைக் குத்துமதிப்பாகத் தடவிக்கொண்டாள். பாதி இடம் விட்டுப்போனது.

"குடு, நான் போடுறேன்" என்று பெயிண்டர் விரலில் களிம்பை எடுத்தார்.

அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கோபமில்லை.

"வேண்டாண்ணா. உன் கை கிழிச்சிடும்."

எடுத்த களிம்பு விரல் நுனியிலேயே இருந்தது. அது குளிர்ந்திருக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.