நெரீனாவின் சமையலறை, நுழைவுச் சீட்டில் அடக்கம்

இரவுக் காவல் முடிந்ததும் நான் நேராக வீட்டுக்குப் போவதில்லை. கால்வாயோரம் நிற்கும் எங்கள் அருங்காட்சியக மாளிகையின் இடைத்தளத்தில் நெரீனாவுக்குச் சமையலறை இருந்தது, காப்பி கிடைக்கும். அங்கே இன்னமும் குடியிருந்தவள் அவள் ஒருத்திதான். மாளிகையைப் பராமரித்த கணவன் செத்த பிறகும் அந்த இரண்டு அறைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலையில் இயக்குநர் கஸாரின் அங்கே வந்தார். அவள் காலி செய்ய வேண்டியதில்லை என்றார். பகலெல்லாம் சமையலறையைத் திறந்து வைத்தால் போதும். வாசலில் கயிறு கட்டுவார்கள், பார்வையாளர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். முடியாதென்றால் பாலத்துக்கு அப்பால், தீவைத் தாண்டிய பெருநிலத்தில், மெஸ்த்ரேயில் ஒரு அடுக்குமாடி வீடு தருவார்கள்.

"நீங்க எப்பவும்போல இருங்க, சியோரா" என்று மரியாதையாகத்தான் விளித்தார்.

"கக்கூசுக்குப் போனா?"

"அந்தக் கதவை மட்டும் சாத்திக்கலாம்."

அவர் கேலி பேசவில்லை.

"ஒத்துக்காதீங்க" என்றேன், அவர் போனதும்.

"மெஸ்த்ரேல நான் யாரோட சண்டை போடுறது, அல்வீஸே?" என்றாள். ஒத்துக்கொண்டாள்.

ரெதெந்தோரே திருவிழா சனிக்கிழமை. அதற்காக வியாழனன்று சவோர் செய்தாள். மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயமும் காடியும் சேர்த்து அடுக்கி, இரண்டு நாள் மூடி வைக்க வேண்டும். அதற்கு முன் தின்பவன் இந்த ஊர்க்காரன் இல்லை.

"இந்த நாத்தத்துல எவன் நிக்கிறான்னு பாக்குறேன்" என்று எண்ணெயைக் கொதிக்கவிட்டாள். நாலு நாள் இப்படி விரட்டினால் கஸாரினே திட்டத்தைக் கைவிடுவார் என்று நம்பினாள்.

நின்றார்கள். வெயிலுக்குப் பூசிய களிம்பும் வியர்வையும் கலந்த வாடையோடு, ஒருவர் தோளில் ஒருவர் ஏறாத குறையாக நின்றார்கள். ஒரு ஆள் கயிற்றைத் தாண்டி வந்து தட்டில் விரலை விட்டான். நக்கினான். அதே விரலை மறுபடி விட்டான். பிறகு எல்லோரும் உள்ளே வந்தார்கள். சூட்டோடு தின்று, முள்ளை அவளுடைய பாத்திரத் தொட்டியில் துப்பினார்கள். ஒருத்தி நெரீனாவின் கணவனுடைய பழைய துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு வந்த கஸாரினின் முகம் பூரித்துவிட்டது.

"பிரமாதம், சியோரா. தினமும் மத்தியானம் இதையே வச்சுக்குவோம்."

"இது ரெண்டு நாள் ஊறணும், தொத்தோரே." படித்தவர்களை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"அவங்க இந்த ஊர்ல இருக்கிறதே ரெண்டு மணி நேரம்தான்."

நெரீனா தொட்டியைப் பார்த்தாள். எச்சில் முட்களை அள்ளிக் குப்பையில் போட்டாள், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அதையும் படம் பிடித்தார்கள். படுக்கையறைக்குப் போனவள் ஒரு பையோடு திரும்பி வந்து, சாவியைக் கஸாரினின் சட்டைப் பைக்குள் போட்டாள்.

"மெஸ்த்ரேக்கு எந்த பஸ்?" என்று என்னிடம் கேட்டாள். பஸ்ஸே ஓடாத இந்தக் கால்வாய் ஊரில் பிறந்ததிலிருந்து அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை.

சொன்னேன். எங்களுக்குப் பின்னால், அவள் நாற்காலியில் உட்கார வரிசை கட்டத் தொடங்கியிருந்தார்கள்.