மதுரைக்குப் போகாத பஞ்சம்மாள்

திருத்தங்கல் ரோட்டில் உக்கிரபாண்டி முதலாளி நடத்திவந்த முதியோர் இல்லத்தில், திறந்த நாளிலிருந்து ஒருவரும் செத்ததில்லை. அங்கே யாருக்கும் சாகாவரம் கிடையாது. மூச்சு இழுக்க ஆரம்பித்தவுடன் ஆளைக் கம்பெனி வேனில் ஏற்றி மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். சாவதை அங்கே போய்ச் சாகட்டும்.

இது முதலாளிக்குத் தன் பட்டாசுக் கம்பெனியில் படிந்த பழக்கம். அங்கே வெடியில் கருகியவன் வேலைச் செட்டுக்குள்ளேயே முடிந்திருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில்தான் இறந்ததாகச் சொல்லிவிடுவார். காம்பவுண்டுக்குள் சாவு விழுந்தால் விசாரணை என்று அதிகாரிகள் கேட்டைப் பூட்டுவார்கள் என்ற பயம். திரியும் மருந்தும் கிடக்கிற இடத்துக்கு வைத்த சட்டத்தைப் பல்லுப்போன கிழவிகள் கிடக்கிற இடத்துக்கும் வைத்துவிட்டார். தர்மத்துக்கு நடத்துகிறாராம். தர்மத்தின் வாசலில் எந்நேரமும் ஒரு வேன் உறுமிக்கொண்டு நிற்கும்.

ஷரீஃபுன்னிசா இதையெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவரின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்ததும் மகன் சாபிர் அவளை இங்கே விட்டுவிட்டு மலேசியா போனான். சொத்தை வத்தலை நல்ல வத்தலுக்கு அடியில் மறைத்து அடுத்தவன் தலையில் கட்டுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். சாகப்போகிறவளை அப்படித் தள்ளிவிடுகிறவர்களை இங்கே வந்துதான் பார்த்தாள்.

பக்கத்துக் கட்டில் பஞ்சம்மாளுடையது. வெம்பக்கோட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அவளை இதற்குமுன் இரண்டு தடவை மதுரைக்கு ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே தொண்டையில் குழாயைச் செருகி, அவள் பிடுங்கிவிடுவாளென்று கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது மணிக்கட்டெல்லாம் கருநீலம்.

"அக்கா, இன்னொருக்க என்னைய அந்த வண்டியில ஏத்த விட்றாதீக. இந்தக் கட்டில்லயே போயிர்றேன்" என்று அன்றே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போறது ஒன் பாடு. ஏத்தாமப் பாத்துக்கிடறது என் பாடு" என்றாள் ஷரீஃபுன்னிசா.

தீபாவளிக்கு இரண்டு மாசம் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சம்மாளுக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் வந்து பார்த்தார். "இன்னைக்குத் தாண்டாது. அலைக்கழிக்க வேண்டாம், இங்கனயே இருக்கட்டும். வலி தெரியாம ஊசி போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் லட்சுமிகாந்தத்தின் காதில் முதல் இரண்டு வார்த்தைதான் ஏறியது. டிரைவர் தங்கச்சாமியை வேனைத் திருப்பி நிறுத்தச் சொன்னார். பஞ்சம்மாளின் மகன் மாரீஸ்வரனுக்குப் போன் போட்டார்.

பைக்கில் வந்து இறங்கிய மாரீஸ்வரன் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "சீக்கிரம் கொண்டுபோங்க, சார்" என்றான்.

ஷரீஃபுன்னிசா தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேண்டாம், கூடாது என்று சொல்லித் தடுத்தால் இவர்கள் கேட்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் விற்க மனமில்லாத சரக்குக்கு இல்லையென்று சொன்னதே கிடையாது. வந்தவனை உட்காரவைத்து, மார்க்கெட் அடைக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார்.

"தாராளமாக் கொண்டுபோங்க. ஏன் மேனேஜரு, இந்த வேனுதான நாளைக்குத் தீபாவளிச் சீசனோட மொதப் பட்டாசு லோடு ஏத்தப்போகுது?"

"ஆமாங்கம்மா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. மதுரை போறதுக்குள்ள அவ வேனுக்குள்ளயே போயிட்டா, பொணம் கெடந்த எடத்துலதான மொதலாளி சரக்கு ஏறும்? நமக்கென்ன, அவரு பாத்துக்கிடுவாரு."

லட்சுமிகாந்தத்துக்கு முகம் மாறிவிட்டது. முதலாளிக்குப் போன் போட்டார். போனுக்குள் முதலாளி கத்தியது வாசல்வரைக்கும் கேட்டது. மகன்காரன் வீட்டுக்கே கூட்டிப்போகட்டும் என்று உத்தரவு வந்தது.

மாரீஸ்வரன் பதறினான். "அதெப்படிங்க? வீட்ல மகளுக்கு முகூர்த்தக்கால் நட்டிருக்கோம். அங்கன சாவு விழுந்தா சம்பந்தகாரன் என்ன நெனைப்பான்? எப்படியாச்சும் மதுரைக்கே அனுப்பிவிடுங்க."

"அதும் சரிதான் தம்பி" என்றாள் ஷரீஃபுன்னிசா. "ஆனா வெளியூர்ல செத்தா ஒங்க ஊருக்குள்ள பொணத்த விடமாட்டாகளாமே? ஊருக்கு வெளிய ரோட்டுலயே கெடத்தி, அப்படியே சுடுகாட்டுக்குத்தானாமே? ஒங்கம்மாதான் சொன்னா. சம்பந்தகாரக அதுக்கு வருவாகளா?"

மாரீஸ்வரன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தான். மறுபடி போன். முதலாளி மேனேஜரை ஏசினார். மேனேஜர் மாரீஸ்வரனிடம் எகிறினார். மாரீஸ்வரன் வாடகைக் கார்க்காரர்களுக்குப் போன் போட்டான். சாகக் கிடக்கிறவளை ஏற்ற எவனும் வரவில்லை. பெற்ற மகன், படியளக்கும் முதலாளி, சம்பளம் வாங்கும் மேனேஜர் மூன்று பேரும் ஒரு சாவை ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன மீன் கூடையைக்கூட ஒருவன் இத்தனை கூச்சமில்லாமல் அடுத்தவன் பக்கம் நகர்த்தமாட்டான்.

கடைசியில் மதுரைதான் என்று முதலாளி முடித்தார். வேனுக்குள் தார்ப்பாய் விரித்துக்கொள்ளலாமாம்.

"நல்ல ரோசனை" என்றாள் ஷரீஃபுன்னிசா. "அப்ப ராகுகாலம் கழிஞ்சு கெளம்புங்க. வெள்ளிக்கெழமை பத்தரையிலேருந்து பன்னெண்டு. சீசன் வண்டியாச்சே."

"பாய் வீட்டம்மாவுக்கு ராகுகாலமெல்லாம் தெரியுதே" என்று சிரித்தான் தங்கச்சாமி.

"ஏலே, வத்தல் வாங்க வர்றவனுக்கு ராகுகாலம் எப்பன்னு தெரியாம ஏவாரம் பண்ண முடியுமா? வந்தவன் பாதியில எந்திரிச்சுப் போயிருவானே."

போனில் முதலாளியும் ராகுகாலம் கழியட்டும் என்றார். வாசலில் மேனேஜர், மகன், டிரைவர் மூவருக்கும் டீ வந்தது. முகூர்த்தக்காலைப் பற்றிப் பேச்சுத் தொடங்கி, மண்டப வாடகைக்கு நகர்ந்தது.

ஷரீஃபுன்னிசா உள்ளே போய்ப் பஞ்சம்மாளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஈரத்துணியால் உதட்டை நனைத்தாள். தன் வழக்கப்படி ஏதோ ஓத வாயெடுத்து, அவளுடைய குலசாமி யாரென்று கேட்டுவைக்காமல் போனோமே என்று நிறுத்தினாள்.

"ஒன் சாமிய நீயே நெனச்சுக்கோ, பஞ்சு. வண்டி வராது. பேசிக்கிட்டுத்தான் இருக்கானுக."

பஞ்சம்மாளின் விரல் அவள் உள்ளங்கையில் ஒருதரம் அசைந்தது. வாசலில் எதற்கோ சிரிப்புக் கேட்டது. மூச்சு ஒன்று வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது. அதற்குப்பிறகு வரவில்லை.

ஷரீஃபுன்னிசா பஞ்சம்மாளின் கண்ணை மூடிவிட்டாள். துண்டைச் சுருட்டித் தாடைக்கு முட்டுக் கொடுத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. வாசலில் இருக்கிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதென்று முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டாள்.

ராகுகாலம் கழிந்ததும் ஸ்ட்ரெச்சர் வந்தது.

"தூங்குறாகளா?" என்றார் லட்சுமிகாந்தம், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இப்பத்தான் நிம்மதியானா. மெதுவாத் தூக்குங்க."

தூக்கினார்கள். தங்கச்சாமி கதவு நிலையில் இடிக்காமல் திருப்புவதில் குறியாக இருந்தான். மாரீஸ்வரன் செல்போனில் ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டே பின்னால் போனான். தார்ப்பாய் சரியாக விரித்திருக்கிறதா என்பதை மட்டும் மேனேஜர் இரண்டு தடவை பார்த்தார். வேன் கிளம்பியது.

கட்டில் விரிப்பை உருவ வந்த ஆயா ஞானசுந்தரி நின்றுவிட்டாள். "அம்மா, தூக்கும்போது காலைப் பிடிச்சேன். சில்லுன்னு இருந்துச்சே."

"இருக்கும்."

"அவுககிட்டச் சொல்லலையா?"

"எதுக்கு? ஒருத்தன் ஏவாரியோட மேனேஜரு, ஒருத்தன் வெள்ளாமை பாக்குற சம்சாரி. வத்தல்னா கிள்ளிப் பாப்பானுக, மாடுன்னா பல்லப் புடிச்சுப் பாப்பானுக. காலையிலேருந்து அவ மூஞ்சிய ஒருத்தனும் பாக்கல. நானா போயிக் காட்டணும்? விரிப்ப உருவாத, ஞானசுந்தரி. அவ படுத்தது இன்னைக்கு ஒருநா அப்படியே கெடக்கட்டும்."