அண்ணன் கைக்கு ஒரு நரம்பு டாக்டர்

1.
இந்தக் கதை இலக்கியத் தாகத்தில் பிறந்ததல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி என்னைப் போனில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டது. சும்மா இருப்பானேன் என்று எழுத ஆரம்பித்தேன். சலூன் வைத்திருக்கும் என் அண்ணனுக்கு வலது கை நடுங்குகிறது. நரம்பு டாக்டர் வேண்டும்.

முதல் வரி: 'நடுக்கம் என்பது உடல் நமக்கு எழுதும்...'

வேண்டாம். அண்ணன் படித்தால் செருப்பைத் தேடுவான்.

2.
டாக்டர் பாத்திரத்துக்கு ஆள் தேடினேன். முதலாமவர் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகள் மாதிரி பட்டங்கள். அவருடைய பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் போட்டால் வேறு யாரோ ஒரு கண் டாக்டர் வந்து நின்றார். [நானே கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.] இரண்டாமவர் அசல் நியூராலஜிஸ்ட். இன்சூரன்ஸ் மட்டும் ஆகாது. மூன்றாமவருடைய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

"எல்லா இன்சூரன்ஸும் எடுத்துக்கறோம் சார்," என்றார் வரவேற்பில் இருந்த பெண்.

"எங்க பாலிசியும் எடுத்துப்பீங்களா?"

"அதை மட்டும் கம்பெனில கேட்டுக்குங்க."

கம்பெனி சொன்னது: "ஆஸ்பத்திரி எங்க பட்டியல்ல இருக்கு சார். டாக்டர்தான் இல்ல."

அப்புறம் அண்ணன் கையை ஆஸ்பத்திரிக் கட்டிலிடமா காட்டுவான்?

3.
(இங்கே அண்ணியின் கண்ணீர் இருந்தது. அண்ணி படித்துவிட்டு, "நான் எப்ப அழுதேன்? டாக்டர்கிட்ட போகாத மனுஷனைத் திட்டினேன், அதை எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.)

நாலாமவர் கிடைத்தார். படிப்பு உண்மை, பதிவு நடப்பில் இருக்கிறது, பாலிசி செல்லும் என்று கம்பெனியே மெயில் அனுப்பிவிட்டது. நாளைக் காலை நேரமும் வாங்கியாயிற்று. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பாத்திரம் ஒத்துழைக்கவில்லை.

"ஊர்ல இருக்கிற டாக்டர் தகுதியெல்லாம் பாத்தியே, என் தகுதியைப் பாத்தியாடா?" அண்ணன் சலூன் நாற்காலியைத் தட்டினான். "உக்காரு. ஷேவ் பண்றேன். கீறல் விழுந்தா நாளைக்கு வரேன். விழலைன்னா ஆளை விட்டுடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கொஞ்ச நாளாகவே அவன் யாருக்கும் கத்தி எடுக்கவில்லை. ஷேவிங்குக்கு வருகிறவர்களிடம் பிளேடு தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான். பயந்துபோயிருந்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

4.
முடிவு அ: கீறல் விழுகிறது, வருகிறான். எல்லாருக்கும் நிம்மதி, எனக்குப் பஞ்சு.

முடிவு ஆ: விழவில்லை. நாளைய நேரம் வேறு யாருக்கோ போகிறது.

நடந்தது: நுரை தடவினான். காதோரம் தொடங்கித் தாடைவரை ஒரு பிசகு இல்லை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

"ஆடாதடா," என்றான். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

கடைசி இழுப்பு தொண்டைப் பக்கம். நான் முகவாயைக் கொஞ்சம் அசைத்தால் போதும், நாளைக்கு வந்துவிடுவான். ஆனால் தம்பியை வெட்டியது தன் கைதான் என்று ஆயுசுக்கும் நம்புவான்.

எழுதுகிறவன் முடிவில் தலையிடக் கூடாது என்பார்கள். அப்படிச் சொன்ன யார் கழுத்திலும் கத்தி இல்லை.

நான் இன்னும் எழுதிக்கொண்டிருப்பதால், கீறல் விழுந்திருந்தாலும் ஆழமில்லை என்பது வரை உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். கத்தி பிடித்திருப்பது உங்கள் அண்ணன். அசைவீர்களா?