கொக்கு மார்க் குடையின் இரண்டாவது கால்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, வர்த்தக முத்திரையின் உரிமையைத் தங்கைக்கு மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்டதும், அவர் கிடங்கிலிருந்த பதினான்காயிரம் குடைகளில் முத்திரையாக அச்சிட்டிருந்த கொக்குகளும் கிளம்பித் தெருவைக் கடந்து, எதிரே இருந்த அவளுடைய பட்டறைக்குப் போய் அங்கிருந்த குடைகளில் ஏறிக்கொண்டன. பேருந்துகள் இருபது நிமிடம் நின்றன. அதில் யாருக்கும் வியப்பில்லை. உரிமை மாறினால் குடித்தனமும் மாறத்தானே வேண்டும். வந்த கொக்குகளுக்கு ஆளுக்கொரு கால்தான் இருந்தது என்பதுதான் பேச்சாயிற்று.

தப்பு பத்திரம் எழுதிய வக்கீலுடையது. பதிவுச் சான்றிதழைப் பிரித்துப் பார்க்கச் சோம்பல்பட்டு, மூலையில் சாத்தியிருந்த தன் கொக்கு மார்க் குடையைப் பார்த்தே 'ஒற்றைக்கால் கொக்கு' என்று எழுதிவிட்டார். வயிற்றோடு மடக்கியிருந்த இன்னொரு கால் கணக்கில் வராமல், அண்ணன் குடைகளிலேயே சுள்ளி மாதிரி தங்கிவிட்டது. பதிவக அதிகாரி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்: "படத்துல ரெண்டு கால், பத்திரத்துல ஒண்ணு. மிச்சக் கால் யாரோடது?"

பதிவேட்டில் தங்கையின் பெயர் ஏறாமல் ஒரு குடையையும் எடுக்க மாட்டோம் என்றார்கள் மொத்த வியாபாரிகள். மழைக்கு இன்னும் பதினெட்டு நாள். இந்த மழையை விட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். தையல்காரப் பெண்கள் நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திருத்தப் பத்திரத்துக்கு அண்ணன் கையெழுத்து வேண்டும். தொழிலைப் பிரித்ததிலிருந்து ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முத்திரையை விற்றதுகூட வக்கீல் வழியாகத்தான். "நான் வித்தது கொக்கை. காலை விக்கலையே! வேணும்னா அவளே வந்து கேக்கட்டும்" என்றார் அண்ணன். "காலை அவரே வெச்சுக்கட்டும், முதுகு சொறிய உதவும்னு சொல்லுங்க" என்றாள் தங்கை. தெருவைக் குறுக்கே கடந்து கடந்தே வக்கீல் ஆறு கிலோ இளைத்தார்.

கால் மாற்றி நிற்க வழியில்லாமல் கொக்குகளுக்கு மரத்துப்போயிற்று. பட்டறையில் எந்தக் குடையை விரித்தாலும் இடப்பக்கம் சாய்ந்தது. பதினைந்தாம் நாள் காலை, கிடங்கிலிருந்த கால்கள் பொறுமையிழந்து தாமே நீண்டன. குடைக்கு ஒரு காலாகப் பதினான்காயிரம் குடைகள் ஷட்டரைத் தூக்கிவிட்டு நொண்டியடித்துத் தெருவைக் கடந்தன. "ஏய், நில்லுங்கடா!" என்று ஒற்றைச் செருப்போடு அண்ணன் பின்னால் ஓடினார். பட்டறை வாசலில் குடைகள் வரிசை கட்டி நின்றதால் அவரும் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. முறை வரும்போது மாலை மணி ஐந்து.

தங்கை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாண்ணா. காலையிலேர்ந்து நிக்கறியே."

ஒன்பது வருடத்தில் முதல் பேச்சு. அண்ணன் உட்கார்ந்து, செருப்பில்லாத பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"பேனா இருக்கா?" என்றார்.

மூன்றாம் நாள் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. கடைசி லாரி கிளம்பும்வரை மழை ஊர் எல்லையில் காத்திருந்தது. கொக்குகள் இரண்டாவது காலை ஒழுங்காக மடக்கிக்கொண்டன. ஆனால் கால்களுக்கு நடை மறக்கவில்லை. பேருந்தில் யாராவது குடையை விட்டுவிட்டு வந்தால், பொழுது சாய்வதற்குள் அது வீடு திரும்பிக் கதவைத் தட்டும். வீட்டிலிருப்பவர்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

"காலைக் கழுவிட்டு உள்ள வா" என்பார்கள்.